சோயா அவரை விதையும் அதன் ஆயுளும்

நெல், குரக்கன், பயறு ஆகியவற்றின் விதைகள் அடுத்த பட்டம் வரை களஞ்சியத்திற் கிடந்து, மண்ணின் ஈரம் பட்டதும் முளைத்து எழுகின்றன. சோயா அவரை அத்தகையதன்று. பார்வைக்கு மஞ்சள் முத்துப்போலத் திரண்டிருக்கும் விதை, சில மாதங்களில் முளைக்குந் திறனை இழந்துவிடுதல் உண்டு. அதனை நம்பி விதைத்த சிறு கமக்காரர் ஒரு வாரத்தின் பின் வெற்று வரிசைகளைக் கண்டு திகைக்கின்றார். மீண்டும் விதைப்பதற்கு விதையுமில்லை, மழையும் காத்திருப்பதில்லை.

இதற்குக் காரணம் யாது? சோயா அவரையில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு புரதமும் 20 பங்கு எண்ணெயும் உள்ளன. இச்சிறப்பினாலேயே தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷ மாவில், சோளத்துடன் இதுவும் சேர்க்கப்படுகின்றது. ஆனால், உணவுக்கு உதவும் இப்பொருள்களே விதையின் ஆயுளைக் குறைக்கின்றன. புரதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகின்றது. எண்ணெய் வெப்பத்தினால் விரைவிற் சிதைகின்றது. மேலும், விதையின் தோல் மெல்லியது. முளைவேர் அத்தோலின் அடியிலேயே அமைந்துள்ளது. தடியால் ஓங்கி அடித்தால், வெளியே வடுத் தெரியாமலே உள்ளே முளை முறிந்துவிடும்.

ஆதலின், விதையைக் காக்கும் வேலை வயலிலேயே தொடங்குகின்றது. இலைகள் உதிர்ந்து காய்கள் பழுத்து நிறம் மாறியதும் காலந் தாழ்த்தாது அறுவடை செய்தல் வேண்டும். முற்றிய காய்கள் மழையில் நனைந்தும் வெயிலில் உலர்ந்தும் நிற்குமாயின், செடியிலேயே விதை நலிந்துவிடும். அறுத்த செடிகளைப் படங்கின்மேற் பரப்பி மெல்லத் தட்டி, சுளகிற் புடைத்து, சுருங்கியவற்றையும் கீறல் விழுந்தவற்றையும் நீக்கி, இளவெயிலில் உலர்த்துதல் நன்று. நண்பகலிற் கொதிக்கும் சீமெந்துத் தரை ஆகாது.

விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ஹாரிங்டன் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த விதி. அதன்படி, ஈரத்தை 12 பங்கிலிருந்து 9 பங்காகக் குறைத்தால் ஆயுள் எட்டு மடங்காகும். இவ்வாறு உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத தகரப் பேணியிலோ தடித்த பொலித்தீன் பையிலோ இட்டு, தரையிற் படாமல், குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். சாக்கில் இட்டால் அது மீண்டும் ஈரத்தை உறிஞ்சும். நன்கு உலராத விதையைக் காற்றுப் புகாமல் அடைப்பதோ இன்னும் பெருங்கேடு.

காலமும் கருதத்தக்கது. இலங்கையின் உலர் வலயத்தில், மாரி மழையை மட்டும் நம்பிய மேட்டுநிலக் கமக்காரர், மாசியில் எடுத்த விதையை ஐப்பசி வரை, கோடை வெப்பம் முழுவதும் காக்கவேண்டியவராகின்றார். குளத்து நீர் பெறும் அயலவரோ, அவ்விதையைச் சிறுபோகத்தில் விதைத்து ஆவணியளவிற் புதிய விதை எடுக்கின்றார். முன்னவர் பின்னவருக்குப் பெரும்போக விதையை அளித்து, ஐப்பசிக்கு முன் அவரிடமிருந்து சிறுபோக விதையைப் பெறுவாராயின், எவரும் சில மாதங்களுக்கு மேல் விதையைக் காக்கவேண்டியதில்லை. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவிலும், மழைக்காலத்தில் மேட்டுநிலத்தில் விளையும் சோயா, கோடையில் நெல்வயலுக்கு விதையாகச் செல்லும் வழக்கம் உண்டு.

எவ்வளவு காத்தாலும், விதைப்பதற்கு ஏறக்குறைய பத்து நாளின் முன் ஒரு சோதனை இன்றியமையாதது. பொறுக்கி எடுக்காமல் 100 விதைகளை எண்ணி, ஈர மணலில் இட்டு, ஒரு வாரத்தின் பின் நல்ல நாற்றுக்களை எண்ணவேண்டும். 80 முளைத்தால் அச்சமின்றி விதைக்கலாம். 60 மட்டுமே முளைத்தால், மூன்றில் ஒரு பங்கு விதை கூடுதலாக வேண்டும். பாதிக்கும் குறைந்தால் அவ்விதையை உணவுக்கு விட்டு, வேறு விதை தேடுவதே அறிவுடைமை. அதற்கு வேண்டிய நாட்களும் அப்பொழுது கையில் இருக்கும்.