காவிரிக் கரைக் காட்டுக்கு மதிப்பெண்

கர்நாடகத்தை விட்டுத் தமிழகத்துக்குள் காவிரி நுழைகிற பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் ஒன்று இருப்பதும், அங்கே கணக்கிடப்படும் கனஅடியை ஒட்டியே ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா நிற்குமா என்று தீர்மானிக்கப்படுவதும், உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பின்படி ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் அவ்விடத்தில்தான் அளந்து தரப்பட வேண்டும் என்பதும், தினமும் பத்திரிகை புரட்டுகிறவர் எல்லோரும் அறிந்த விஷயங்கள். நீரை இத்தனை சிரத்தையோடு அளக்கிற நாம், அந்த நீருக்கு இருமருங்கும் விரிந்து கிடக்கிற வனத்தின் பரிபாலனம் செவ்வையாக நடக்கிறதா என்பதை எந்தக் கோல் கொண்டு அளக்கிறோம் என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர் வெகு சிலரே.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அடங்கிய இந்தக் காட்டின் ஒரு பகுதி, 504 சதுர கிலோமீட்டர் பரப்பில், காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக 2014-ல் அறிவிக்கப்பட்டது. அதையடுத்து 2022 நவம்பரில், 686 சதுர கிலோமீட்டர் கொண்ட காவிரி தெற்கு சரணாலயம் பிரகடனமாயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம் இருக்கிறது. நீர்நாய், சதுப்புநில முதலை, நாற்கொம்பு மான் முதலிய ஜீவராசிகளுக்கு இது வாசஸ்தலம். யானைகளுக்கோ வாசஸ்தலம் மட்டுமல்ல, மாதேஸ்வரன் மலை வழியாகச் சத்தியமங்கலம் வரையில் நீளுகிற ராஜபாட்டையும் இதுவே.

சரணாலயம் என்று அரசிதழில் அச்சேறிவிட்டால் காடு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைப்பது நம்மிடம் வேரூன்றிய ஒரு மயக்கம். நிலப்படத்தில் கோடு போடுவது ஒரு நாள் வேலை. அக்கோட்டுக்குள் தீ பரவாமலும், சுருக்குக் கம்பி விழாமலும், உண்ணிச்செடி மண்டிப் புல்லை அமுக்காமலும், கோடையில் நீர்க்குட்டை வற்றாமலும் பார்த்துக்கொள்வது வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் செய்யவேண்டிய வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பரிசீலிக்க ஒரு முறை வேண்டுமென்று உலக நாடுகள் உணர்ந்து, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வாயிலாக 2000-ல் ஒரு சட்டகத்தை வகுத்தன. காட்டின் நிலைமை என்ன, திட்டம் இருக்கிறதா, ஆளும் பணமும் எவ்வளவு, நடைமுறை எப்படி, செய்து முடித்த பணி யாது, கடைசியில் கண்ட பலன் யாது என்னும் ஆறு கேள்விகளே அதன் சாரம். இந்தியாவில் 2006 முதல் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் துணையோடு இந்த மதிப்பீடு நடந்துவருகிறது. ஓய்வுபெற்ற மூத்த வன அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் அடங்கிய குழு காட்டுக்கு நேரில் வந்து, முப்பது அளவிலான வினாக்களில் ஒவ்வொன்றுக்கும் 2.5, 5, 7.5, 10 என்னும் நான்கு படிகளில் ஒன்றை இட்டுக் கூட்டிச் சதவீதம் போடுகிறது. 146 தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் இவ்வாறு பரிசீலித்த ஒரு சுற்றில் கிடைத்த சராசரி 62 சதவீதம். புலிக் காப்பகங்களுக்கென்று தனியாக நடக்கும் மதிப்பீட்டில், 2022-ல் கேரளத்துப் பெரியாறு 94.38 பெற்று முதலில் நின்றது.

இம்முறையை நான் குறை சொல்லவில்லை. இதுவும் இல்லாத காலத்தை நினைத்தால் இது பெரிய பேறு. ஆயினும் ஆறு கேள்விகளில் முதல் ஐந்துக்கும் விடை கோப்புகளில் கிடைத்துவிடுகிறது, ஆறாவதற்குத்தான் காட்டுக்குள் போகவேண்டியிருக்கிறது. யானைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, கண்ணில் பட்டவற்றை எண்ணுகிறார்கள். இரண்டாம் நாள் நேர்கோட்டுத் தடத்தில் குனிந்த தலை நிமிராமல் நடந்து, கிடக்கிற சாணக் குவியல்களைக் கணக்கிடுகிறார்கள். மூன்றாம் நாள் நீர்நிலையருகே காத்திருந்து, வருகிற யானை ஆணா பெண்ணா, வயது என்ன என்று குறிக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுத்தான் தமிழகத்தின் யானைகள் 2023-ல் 2,961 என்றும், 2024-ல் 3,063 என்றும் தெரியவந்தது. எண்ணிக்கையினும் அந்த மூன்றாம் நாள் குறிப்பே எனக்கு அருமையாகப் படுகிறது. ஏனெனில், தந்தத்துக்காக ஆண் யானைகளை வீரப்பன் கூட்டம் வேட்டையாடிய காடு இது. வளர்ந்த ஆண் யானைகள் மந்தைக்கு எத்தனை என்பது, பரிபாலனத்தின் பலனை எந்தக் கோப்பைக் காட்டிலும் நேராகச் சொல்லிவிடும்.

இதைவிடப் பெரிய சங்கடம் எல்லைக் கோட்டில் இருக்கிறது. 2023 மார்ச் மாதத்தில், மாரண்டஅள்ளிக்கு அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில், பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. கூட வந்த குட்டிகள் இரண்டு தாயற்று நின்றன. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கம்பைநல்லூர்ப் பக்கத்தில் ஏரிக்கரைமேல் ஏறிய யானை ஒன்று, தாழ்ந்து சென்ற மின்கம்பி பட்டுச் செத்து விழுந்தது. பென்னாகரத்துக்கு அருகே கிணற்றில் விழுந்த குட்டியொன்றை அதே மாதத்தில் மீட்டுத் தெப்பக்காட்டுக்கு அனுப்பினார்கள்; மாதம் முடியுமுன் அதுவும் இறந்தது. இந்த மரணங்களுள் ஒன்றாவது சரணாலயத்தின் உட்புறத்தில் நடக்கவில்லை. காட்டுக்குள் வந்து மதிப்பெண் இடும் குழுவின் கண்ணில் படாத இடங்களில், கொட்டாய்களிலும் ஏரிக்கரைகளிலும் கிணற்று மேட்டிலும்தான் நடந்தன. மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் அவ்வாண்டே தமிழக அரசு விதிகள் வகுத்தது நல்ல காரியம். ஆனால் கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில் இரவெல்லாம் பரண்மேல் கண்விழிக்கிற குடியானவனுக்கு நஷ்டஈடு எத்தனை மாதத்தில் கைக்கு வந்தது, தாழ்ந்த கம்பியை உயர்த்திக் கட்ட மின்வாரியம் எத்தனை நாள் எடுத்தது என்பவையும் சரணாலயத்தின் மதிப்பெண்ணில் சேரவேண்டியவை என்பது என் அபிப்பிராயம்.

மேய்ச்சல் விவகாரம் இன்னும் சிக்கலானது. ஒகேனக்கல்லுக்கு அருகிலுள்ள ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாட்டினம், காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கப்பட்ட இனம்; உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது; இன்று அருகிவிட்டதால் அதைக் காப்பாற்றவென்றே தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் நடக்கிறது. காட்டில் மேய்ச்சல் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தடை விதித்து, பிறகு அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிக் காப்பகங்களோடு நிறுத்திக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் தெற்குச் சரணாலயம் பிரகடனமானதும், அதற்குள் அடங்கிய காப்புக்காடுகளுக்கும் அந்தத் தடை பொருந்துவதாயிற்று. காட்டுப் புல் யானைக்கும் மானுக்கும் வேண்டும் என்பது மெய். மாட்டோடு நோயும் காட்டுக்குள் போகும் என்பதும் மெய். ஒரு கையால் இனத்தைக் காக்கப் பணம் ஒதுக்கி, மறு கையால் அதன் மேய்ச்சல் நிலத்தைப் பூட்டுகிற முரண்பாட்டைத் தீர்க்கும் இடம் நீதிமன்றமன்று, சரணாலயத்தின் நிர்வாகத் திட்டமே. வன உரிமைச் சட்டம் செல்லுபடியாகும் பகுதிகளில் அத்திட்டத்தைக் கிராம சபையோடு கலந்தே தயாரிக்க வேண்டுமென்று, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தம் சொல்கிறது. திட்டம் தமிழில் இருந்தது, படித்துக் காட்டினார்கள், பட்டிக்காரர் மறுத்துப் பேசினார், அவர் சொன்னது குறிக்கப்பட்டது என்றால்தான் அது கலந்தாலோசனை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மாத்திரம் இருந்தால் அதற்கு 2.5-க்கு மேல் போடக்கூடாது.

ஒகேனக்கல்லுக்கு வருகிற பிரயாணிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பென்னாகரத்திலிருந்து இறங்கும் காட்டுச் சாலையோரம் அவர்கள் எறிந்துபோகும் பைகளும் புட்டிகளுமே போதிய சாட்சியம்.

ஆற்றின் இரு கரையிலும் ஒரே யானைதான் நடமாடுகிறது. மதிப்பெண்ணோ ஒவ்வொரு சரணாலயத்துக்கும் தனித்தனியே இடப்படுகிறது. இக்கரையில் விரட்டப்பட்ட மந்தை அக்கரைக்குப் போய்விட்டால் இக்கரைக்குப் புள்ளி கூடுவதும், அக்கரைக் குடியானவன் தலையில் கை வைப்பதும் சாத்தியமே. இத்தனைக்கும், ஒரே யானையை இருமுறை எண்ணிவிடாதிருக்கத் தமிழகமும் கர்நாடகமும் மற்ற அண்டை மாநிலங்களும் ஒரே நாட்களில் யானைக் கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டன. மதிப்பீட்டையும் அவ்வாறே, காவிரியின் மூன்று சரணாலயங்களுக்கும் ஒரே குழுவைக் கொண்டு நடத்தவும், அக்குழுவில் ஒரு பரிசல்காரருக்கும் ஒரு விவசாயிக்கும் இடம் கொடுக்கவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு தலைமை வன உயிரினக் காப்பாளர்கள் உட்கார்ந்து பேசினால் போதும்.