பழைய அம்பாசிடருக்கு வேற என்ஜினா? முதல்ல ஆர்.சி. புக்கை பாருங்க!

செஞ்சி:

செஞ்சி கோட்டை 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய சின்னங்கள் பட்டியலில் இடம் பிடித்தது. பழைய கோட்டை என்பதால் அதில் ஒரு கல்லை கூட இஷ்டத்துக்கு பெயர்த்து வேறு கல்லை வைக்க முடியாது. சட்டம் பாயும்.

வீட்டு கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் தாத்தா காலத்து காருக்கும் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு சட்டம் வந்து விட்டது. இது நம்மூரில் பல பேருக்கு தெரியாது. "என்ஜின் செத்து போச்சு, வேற என்ஜின் தூக்கி வெச்சா சும்மா ஜம்முனு ஓடும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டி விடுகிறார்கள். என்ஜினோடு சேர்ந்து காரின் மதிப்பும் இறங்கி போவது அப்புறம்தான் தெரிகிறது.

50 வயசு கணக்கு

மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ்' வாகனங்களுக்கு என தனி பிரிவு கொண்டு வந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய கார், மோட்டார் சைக்கிள் இதில் வரும். 1970-ல் பதிவான அம்பாசிடர் என்றால் 2020-லேயே 50 முடிந்து விட்டது.

வயசு மட்டும் போதாது. வண்டி கம்பெனியில் இருந்து வந்த கோலத்திலேயே இருக்க வேண்டும். சேஸ், பாடி, என்ஜின் இந்த மூன்றில் எதை மாற்றி அமைத்திருந்தாலும் விண்டேஜ் அந்தஸ்து கிடையாது. புதிதாக பதிய ரூ.20 ஆயிரம், பிறகு மறுபதிவு செய்ய ரூ.5 ஆயிரம். பதிவு 10 வருஷம் செல்லும். புதிதாக பதியும் வண்டிக்கு நம்பர் பிளேட்டில் மாநில எழுத்தை அடுத்து 'வி.ஏ.' என்று வரும்.

ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கி விட்டு தினமும் சவாரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்றுதான் ரோட்டில் இறக்கலாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதும் கூடாது. அதனால் காரை வைத்து பிழைக்கிறவர்கள் இந்த பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

ஏன் மாத்தறாங்க?

இதில் கார்காரர்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. பழைய அம்பாசிடரில் பல காலம் வந்தது 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின். இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வாரிசு என்பதால் என்ஜினும் அந்த ஊர் வம்சம். பெட்ரோலை தண்ணீராய் குடிக்கும். டீசல் மலிவாக கிடைத்த காலத்தில் பெட்ரோல் என்ஜினை கழற்றி போட்டு விட்டு டீசல் என்ஜினை ஏற்றினால்தான் டாக்சிக்காரருக்கு நாலு காசு நிற்கும். ஜீப்பிலும் இதே கதைதான். பெட்ரோல் என்ஜின் போய் மட்டடார் வேன் என்ஜின் வந்து உட்கார்ந்தது.

கம்பெனிக்காரர்களே என்ஜினை மாற்றிய கதையும் உண்டு. மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1990-களில் அதே பாடிக்குள் ஜப்பான் இசுசு 1,800 சி.சி. என்ஜினை வைத்து விற்றது. கியரும் 4-ல் இருந்து 5 ஆனது. 2014 மே மாதம் அந்த தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்று போனது.

நம்ம சென்னையிலேயே இதை விட பெரிய கூத்து நடந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு சொகுசு காரை இறக்கியது. பாடி, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காருடையது. பார்த்தால் சொக்கி போவீர்கள். ஆனால் உள்ளே இருந்தது அதே கம்பெனியின் பழைய வான்கார்டு கார் காலத்து 2 லிட்டர் என்ஜின். இழுவை போதவில்லை, மைலேஜும் இல்லை. சில வருஷங்களில் கார் காணாமல் போனது. இன்று அதே காரை அதே மட்டமான என்ஜினோடு வைத்திருப்பவர்தான் பழைய கார் பிரியர்கள் மத்தியில் ராஜா. கம்பெனி போட்டது எதுவோ அதுதான் ஒரிஜினல், நல்லதோ கெட்டதோ!

பிரேக் பழசு, வேகம் புதுசு

வேலை விஷயத்துக்கு வருவோம். என்ஜினை தூக்கி வைப்பது நட்டு போல்ட்டு சமாசாரம் மட்டும் இல்லை. புது என்ஜினின் மவுண்டிங் பழைய இடத்தில் உட்காராது. வெட்டி, வெல்டிங் வைக்க வேண்டும். அம்பாசிடரில் பாடியும் சேஸும் ஒரே கூடு. அதில் தப்பான இடத்தில் வெல்டிங் வைத்தால் கூட்டின் பலமே போய் விடும். என்ஜினையும் கியர் பாக்சையும் சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைய வேண்டும். அது நூல் பிசகினாலும் கிளட்ச் உதறும். பிறகு புரொப்பல்லர் ஷாப்ட் நீளம், ரேடியேட்டர், ஒயரிங் என்று வரிசையாக செலவு வரும். டீசல் என்ஜின் கனமாக இருந்தால் முன் சக்கரம் அமுங்கும், ஸ்டீயரிங் இறுகும்.

எல்லாவற்றையும் விட பயம் பிரேக்கில்தான். பழைய அம்பாசிடரில் 4 சக்கரத்திலும் டிரம் பிரேக். அன்றைய சுமார் 50 குதிரை சக்திக்கு தகுந்த மாதிரி செய்தது. அதில் 75 குதிரையை கட்டினால் கார் பறக்கும், நிற்குமா? திண்டிவனம் - திருவண்ணாமலை ரோட்டில் எதிரே பஸ் வரும்போது இந்த கேள்விக்கு விடை தேட கூடாது.

சட்டம் என்ன சொல்லுது?

விண்டேஜ் வேண்டாம், சாதாரண பழைய காராகவே ஓட்டிக்கிறேன் என்றாலும் தப்ப முடியாது. ஆர்.சி. புக்கில் என்ஜின் நம்பர், சேஸ் நம்பர், எரிபொருள் எல்லாம் இருக்கிறது. மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்ற கூடாது. என்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அடித்து சொல்லி விட்டது. அதே வருஷம் வந்த சட்ட திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம் என்று சேர்க்கப்பட்டது.

இப்போது பழைய காரில் பேட்டரி மோட்டார் வைக்கும் ஆசையும் கிளம்பி இருக்கிறது. அதற்கு சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். விண்டேஜ் பதிவை மறந்து விட வேண்டியதுதான்.

புதுப்பேட்டை பில் எங்கே?

சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத பழைய என்ஜின் இல்லை. பில் இல்லாமல் வாங்கினால்தான் வம்பு. அந்த என்ஜின் ஏதாவது திருட்டு வண்டியில் இருந்து வந்திருந்தால் நம்பரை வைத்து போலீஸ் நேராக உங்கள் வீட்டு கதவைத்தான் தட்டும். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் பாலிசியில் ஒரு நம்பர், பானெட்டுக்குள் ஒரு நம்பர் என்றால் கம்பெனி இழுத்தடிக்க காரணம் கிடைத்து விடும்.

என்ஜின் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்றால் முதலில் ரீபோர் அடித்து பிஸ்டன், ரிங் மாற்ற முடியுமா என்று பாருங்கள். பிளாக் அதேதான் என்பதால் நம்பர் மாறாது. பிளாக்கே வெடித்து போனால் அதே கம்பெனி, அதே வகை என்ஜினை பில்லோடு வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே கேட்டு விட்டு கை வையுங்கள்.

ஏற்கனவே மாற்றி விட்டவர்கள், கழற்றிய என்ஜினை பழைய இரும்புக்காரரிடம் எடைக்கு போட்டு விடாதீர்கள். கிரீஸ் தடவி, சாக்கு சுற்றி மூலையில் வையுங்கள். திரும்ப ஏற்ற ஒரு வழியாவது மிச்சம் இருக்கும். பழைய கார் வாங்க போகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பில் மயங்காமல் கையில் ஒரு டார்ச்சும், பேப்பரும், பென்சிலும் எடுத்து போங்கள். என்ஜின் நம்பர் மேல் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்து, அங்கேயே ஆர்.சி.யோடு ஒத்து பாருங்கள். ஒரு எழுத்து இடித்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.