கொலோசியத்தின் தம்பியா, தெப்பக்குளத்தின் அண்ணனா?
நாகார்ஜுனகொண்டாவின் படி அரங்கம்

ரோமின் கொலோசியத்தை நேரில் பார்த்த தமிழர்கள் குறைவு. படத்தில்கூடப் பார்க்காதவர்கள் அதைவிடக் குறைவு. அடுக்கடுக்காக எழும் கல் இருக்கைகளும், மனிதனும் விலங்கும் மோதிய மணல் களமும் சினிமா புண்ணியத்தில் எல்லோருக்கும் பழக்கம். 'அதே போல ஒன்று ஆந்திராவிலும் இருக்கிறது' என்று சொல்லித்தான் நாகார்ஜுனசாகர் பக்கம் சுற்றுலாப் பயணிகளை அழைக்கிறார்கள். சித்தூர், திருப்பதித் தமிழர்களுக்கு அது ஓர் இரவுப் பயணம். மாச்சர்லா வரை போய்விட்டால், விஜயபுரி சவுத்தும் அதையடுத்த அனுபுவும் பக்கம்தான்.

அனுபுவில் நாம் பார்க்கும் அரங்கம் பிறந்த இடம் அதுவல்ல. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் ஆந்திரத்தை ஆண்ட இக்ஷ்வாகு அரசர்களின் தலைநகரம் விஜயபுரி, கிருஷ்ணா நதிக்கரைப் பள்ளத்தாக்கில் இருந்தது. 1926இல் அதன் இடிபாடுகள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1955இல் நேரு நாகார்ஜுனசாகர் அணைக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு முன்பே, பள்ளத்தாக்கு மூழ்கப்போகிறது என்று தெரிந்ததும் தொல்லியல் துறை அவசர அவசரமாக மண்ணைத் தோண்டியது. ஆர். சுப்ரமணியம் தலைமையில் 1954 முதல் 1960 வரை நடந்த அந்த அகழாய்வில் ஸ்தூபிகள், விகாரைகள், கோயில்கள், படித்துறைகள் எல்லாம் வெளிவந்தன. முக்கியமான சிலவற்றை மட்டும் நாகார்ஜுனகொண்டா மலை உச்சிக்கும் அனுபுவுக்கும் கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். மலை உச்சி இன்று நீர்த்தேக்கத்தின் நடுவே தீவு. அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் படகில்தான் போகவேண்டும்.

நடுவில் செவ்வகக் களம், நாலு புறமும் மேலேறும் படி வரிசைகள். அனுபு அரங்கம் இவ்வளவுதான். களத்தில் நின்று கைதட்டினால் ஒலி படிகளில் மோதித் திரும்புகிறது. வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

ரோமின் பெயர் இங்கே அடிபடக் காரணம் இல்லாமல் இல்லை. விஜயபுரியில் டைபீரியஸ் பேரரசரின் பொற்காசு உட்பட ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு தூணில், கையில் கொம்புக் கிண்ணத்துடன் நிற்கும் ஆண் உருவத்தைக் கிரேக்க மதுக் கடவுள் டயோனிசஸின் சாயல் என்கிறார்கள் கலை வரலாற்றாளர்கள். போதிசிரி என்ற பௌத்தப் பெண்மணியின் கல்வெட்டு, காஷ்மீரம் முதல் தாம்பபன்னித் தீவான இலங்கை வரை பல நாடுகளை வரிசையாகச் சொல்கிறது. அதன் சிதைந்த எழுத்துகளை நிரப்பிப் படித்த ஆய்வாளர்கள், அந்த வரிசையில் யவனமும் தமிளமும் அடுத்தடுத்து வருவதாகக் காட்டினார்கள். கடல் வணிகம் செழித்த ஊர் அது. அயல்நாட்டார் வந்துபோன ஊரில் அயல்நாட்டு யோசனை ஒன்று தங்கியிருக்கலாம்.

ஆனால் அளவும் வடிவமும் வேறு கதை சொல்கின்றன. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் 188 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம் கொண்ட நீள்வட்டம். சமதளத்தில் வளைவு மேல் வளைவாகத் தூக்கி நிறுத்தியது. விஜயபுரி அரங்கத்தில் வளைவும் இல்லை, வட்டமும் இல்லை. திருப்பதிக்காரர் யாரையாவது அங்கே கூட்டிப்போய் நிறுத்தினால், 'தண்ணீர் இல்லாத புஷ்கரணி' என்றுதான் சொல்வார். சதுரமாகவோ செவ்வகமாகவோ வெட்டி, நாலு பக்கமும் படி கட்டுவது இந்த மண்ணின் கைவழக்கம். திருமலை சுவாமி புஷ்கரணியில் பங்குனி வாக்கில் ஐந்து நாள் தெப்போற்சவம் நடக்கும்போது அந்தப் படிகள்தான் பார்வையாளர் மாடம். விஜயபுரி அரங்கத்தை ஒட்டி, குழந்தைகளைக் காக்கும் தெய்வமான ஹாரிதிக்குக் கோயில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், வாள்வீரர்களைவிடத் திருவிழாக் கூட்டமே இந்தப் படிகளுக்குப் பொருந்துகிறது. யோசனை கடல் கடந்து வந்திருந்தாலும் கட்டிய கை நம்முடையது என்பதே என் கட்சி.

அப்படியானால் இதுபோன்ற அரங்கங்கள் ஊருக்கு ஊர் ஏன் மிஞ்சவில்லை? நாம் கேளிக்கைக்குக் கல்லைச் செலவழிக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கை மூங்கில் கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் மரமும் திரைச்சீலையும் அகழாய்வுக் குழிகளில் கிடைப்பதில்லை. சித்தூர்ப் பக்கத்துத் தர்மராஜா கோயில்களில் இன்றும் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் பல நாள் நடக்கின்றன. அர்ஜுனன் தவமரம் ஏறுவதையும், மண்ணால் செய்த துரியோதனன் விழுவதையும் ஊரே திறந்த வெளியில் சூழ நின்று பார்க்கிறது. விழா முடிந்து ஒரு மழை பெய்தால் துரியோதனனும் கரைந்துவிடுவான், அரங்கமும் மறைந்துவிடும்.

அதனால்தான் அனுபுவின் படிகள் அபூர்வம். அங்கே 'ரோம் பாணி' என்று சொல்லி நிறுத்திவிடாமல், மூழ்கிய பள்ளத்தாக்கில் கோயிலும் அரங்கமும் எப்படி அமைந்திருந்தன என்று ஒரு வரைபடம் வைத்தால் பாதி விளங்கிவிடும். மீதி விளங்க, சித்தூர்க் கூத்துக் குழு ஒன்றை ஒருநாள் அந்தக் களத்தில் ஆடவிட வேண்டும். தொல்லியல் துறை யோசிக்கும். யோசிக்கட்டும், அது அவர்கள் வேலை. பார்க்க ஆள் வராமல் போகாது.