திருவள்ளூர்ப் பானையும் எகிப்தின் குப்பைமேடும்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ மின்சார ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, திருத்தணி சாலையில் மேற்கே போனால் பட்டரைப்பெரும்புதூர் வரும். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள இந்த ஊரில் 2015-16இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கற்கருவிகள், உறைகிணறு, கறுப்பு-சிவப்புப் பானைகள், கூரை ஓடுகள், தமிழ்ப் பிராமி கீறிய பானை ஓடுகள் எனப் பல காலத்துப் பொருட்கள் கிடைத்தன. கூடவே ஆம்போரா சாடியின் உடைசல்களும் இருந்தன. மதுவும் எண்ணெயும் நிரப்பி, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து அனுப்பப்பட்ட சாடி அது.

எந்த வழியாக வந்தது?

ரோமானியர் ஆண்ட காலத்தில் இந்தச் சரக்குக்கு எகிப்துதான் முக்கிய வாசல். நைல் நதியில் படகு, பிறகு பாலைவனத்தில் ஒட்டகம், செங்கடல் துறைமுகத்தில் கப்பல். நைல் கரையிலிருந்து பெரெனிகே துறைமுகத்துக்கு 12 நாள் பயணம் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். கோடையில் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து இந்தியா வரும் கப்பல்கள், வடகிழக்குக் காற்று வீசும்போது திரும்பும்.

அங்கே நம்மவர் இருந்தார்களா?

இருந்தார்கள். செங்கடல் கரையின் குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் உள்ளன. பெரெனிகே ஓடு ஒன்றில் கொறபூமான் என்ற பெயர். குசேரில் கிடைத்த இன்னொரு ஓட்டைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் ‘பானை ஒறி’ என்று படித்தார். உறியில் தொங்கவிடும் பானை அது. விலைபேச வந்த பண்டமல்ல, புழங்கிய பாத்திரம். இந்தியச் சமையல் பானைகளும் பெரெனிகேயில் கிடைத்திருக்கின்றன. காற்று திரும்பும்வரை காத்திருந்தவர்கள் அங்கேயே உலை வைத்திருக்க வேண்டும்.

என்ன சாப்பிட்டார்கள்?

1994 முதல் தொல்லியலாளர் ஸ்டீவன் சைடுபாதம் குழுவினர் பெரெனிகேயில் தோண்டிவருகிறார்கள். அரிசி, பாசிப்பயறு, தேங்காய் ஆகியவற்றின் மிச்சங்கள் அங்கே கிடைத்தன. சேராபிஸ் என்ற கடவுளின் கோயிலில் ஓர் இந்தியத் தாழி நிறைய மிளகு: சுமார் 7.5 கிலோ. தேக்கு மரத்துண்டுகளும் பருத்தித் துணிகளும்கூட மிஞ்சியிருக்கின்றன. 2022இல் ஒரு புத்தர் சிலையும் கிடைத்தது.

மழை அரிதாகவே பெய்யும் அந்த மணலில் கொட்டிய குப்பை 2000 ஆண்டுகள் ஆகியும் மக்காமல் கிடக்கிறது. நம் மண்ணில் ஆண்டுதோறும் மழை இறங்குகிறது, கரையான் அரிக்கிறது; கருகிய தானியமோ, பொருந்தல் என்ற ஊரில் கிடைத்ததுபோல் ஈமக்குழிக்குள் வைத்த நெல்லோதான் தப்பும். அதனால் பட்டரைப்பெரும்புதூரில் பானை மிஞ்சியது. பானைக்குள் இருந்தது போய்விட்டது.

இரண்டு ஊர்ச் சான்றுகளையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

வட்ட வட்டமாகப் புள்ளி பதித்த ரௌலட்டட் வகை மண்தட்டு பட்டரைப்பெரும்புதூர், பெரெனிகே இரண்டு ஊர்களிலும் உண்டு. பட்டரைப்பெரும்புதூரின் தட்டே கடல் கடந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஒரே புழக்கத்தின் இரு முனைகள் இவை என்று சொல்லலாம். வீடும் கிணறும் கூரையும் எப்படி இருந்தன என்பதற்குத் திருவள்ளூர் மண் சான்று. அடுப்பில் என்ன வெந்தது, உடம்பில் என்ன உடுத்தினார்கள் என்று அறிய, நம்மவர் கப்பலேறிப் போன ஊரின் குப்பையையும் கிளற வேண்டியிருக்கிறது.