முதல் கரையாத தர்மம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயிலில் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானை முட்டி நிற்பது தெரியும். 1,500 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்யும் திறன் படைத்த நிலையம் அது. அங்கிருந்து எண்ணூர்க் கழியை நோக்கிச் சென்றால் வேறொரு காட்சி. இடுப்பளவு நீரில் குனிந்து, பறியின் வாயைப் பற்களால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள் ஆண்களும் பெண்களும். அவர்கள் இருளர்கள். படகும் வலையும் வேண்டாத தொழில். ஆனால் கழியில் சாம்பலும் கழிவும் படியப் படிய, பறியின் கனமும் குறைந்துகொண்டே வருகிறது.

அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன் என் வகுப்பில் படித்தான். கணக்கில் சூரன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, சர்க்கார் கலாசாலை ஒன்றில் இடமும் பெற்றான். ரயில் செலவு, பஸ் செலவு, மத்தியானச் சாப்பாடு, நோட்டுப் புத்தகம் என்று மாதந்தோறும் பணம் வேண்டியிருந்தது. அதோடு அவன் தினம் கொண்டுவந்த கூலியும் வீட்டில் நின்றுபோயிற்று. உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட்டான். அது வருவதற்குள் மூட்டை தூக்கும் வேலைக்குப் போய்விட்டான். வருஷக் கடைசியில் பணம் வந்ததாம். அவன்தான் அங்கே இல்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. பள்ளிப் படிப்புக்கு மேல் படிக்கும் பழங்குடி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தரும் திட்டம் சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், தொடங்கியது. சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதலும், பையன்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகிறது தமிழ்நாடு அரசு. இவை பெரிய காரியங்கள். ஆயினும் 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். பழங்குடியினரிலோ 54 பேர்தான். ஏறக்குறைய 1,90,000 பேராக இருந்த இருளர் சமூகத்தில் கல்லூரி வாசலை எட்டுபவன் ஒருவன் தவறினாலும், அவனைப் பார்த்து நடக்கவிருந்த தம்பி தங்கைகளும் தவறிவிடுகிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப வல்லது மூலதன தர்மம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவது அதன் இலக்கணம். சென்னைக்கு இது புதிதல்ல. 1794-ல் காலமான பச்சையப்ப முதலியார் தம் சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார். வழக்குகளில் பல்லாண்டு கழிந்தபின், அந்தப் பணத்திலிருந்து 1842-ல் பள்ளி பிறந்தது. 1889-ல் அது கலாசாலையாயிற்று. இன்றும் நடக்கிறது. ஆனால் 1947 வரை அங்கே ஹிந்து மாணவர்களுக்கே இடமிருந்தது என்பதையும் மறக்கலாகாது. தர்மம் யாரைச் சேர வேண்டும் என்பதைப் பத்திரத்தின் வாசகமே முடிவு செய்கிறது.

முதலையே செலவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பில் கேட்ஸ் தம்பதியின் அறக்கட்டளை 1999-ல் 100 கோடி டாலர் ஒதுக்கியது. பூர்வகுடிகள் உள்ளிட்ட சிறுபான்மை மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அதனால் பட்டம் பெற்றார்கள். ஆயினும் 2016-க்குப் பின் புதிய மாணவர் எவரும் அதில் சேர்க்கப்படவில்லை. மகத்தான உதவிதான், ஆனால் அதற்கும் ஒரு கடைசி நாள் இருந்தது.

எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகள் இதைச் செய்யலாகாதா என்று கேட்கலாம். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொது நலத்துக்குச் செலவிட வேண்டும். ஆனால் எந்த ஸ்தாபனத்தின் மூலதன நிதியிலும் செலுத்தும் தொகை 2021 முதல் அந்தக் கணக்கில் ஏற்கப்படுவதில்லை. ஆண்டுக்காண்டு கொடுக்கலாம், என்றென்றைக்குமாக வைக்க முடியாது. ஆகவே மூலதனத்துக்குத் தனி மனிதர்களையும் அவர்கள் நிறுவிய அறக்கட்டளைகளையும் நாட வேண்டியிருக்கிறது.

கணக்கு வாத்தியாராகக் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறேன். ஒரு மாணவனுக்கு மாதம் 3,000 வீதம் பத்து மாதத்துக்கு 30,000 ரூபாய். வட்டி நூற்றுக்கு ஆறு என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஏறும், ஆகையால் நான்கைச் செலவிட்டு, இரண்டை முதலோடு சேர்க்க வேண்டும். அப்படியானால் தேவையான முதல் 7,50,000 ரூபாய். முப்பது வருஷத்தில் பத்துப் பட்டதாரிகள். முதலோ குறையாதது மட்டுமல்ல, வளர்ந்துமிருக்கும். ஒரு தெருவார் சேர்ந்தால் எட்டாத தொகையா இது?

பத்திரத்தில் மூன்று வாசகங்கள் மட்டும் மறவாமல் இருக்கட்டும். பணம் மாதத்தின் முதல் வாரத்திலேயே மாணவன் கைக்குச் சேர வேண்டும். வருவாய்க் கோட்ட அலுவலரிடம் ஜாதிச் சான்றிதழ் பெறும் வரை உதவியை நிறுத்தாமல், அதைப் பெறவும் துணை நிற்க வேண்டும். நிர்வாகக் குழுவில் இருளர்களும் உட்கார வேண்டும்.

வள்ளூரில் பிறக்கும் மின்சாரம் எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றுகிறது. அந்த வெளிச்சத்தில் நம் குழந்தைகள் பாடம் படிக்கிறார்கள். கழிக்கரைக் குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு உண்டல்லவா?