பழுதடைந்த இயந்திரமும் பணியிட உறவும்

அரச திணைக்களமாயினும் தனியார் நிறுவனமாயினும், ஒழுங்காக இயங்காத பொருளொன்றேனும் இல்லாத பணியிடத்தைக் காண்பது அரிது. சற்றே தூக்கி இழுத்தால் மட்டும் திறக்கும் இலாச்சி, ஒரே வேகத்தில் மட்டும் சுழலும் மின்விசிறி, இரண்டாவது தட்டில் தாள் வைத்தால் மாத்திரம் இயங்கும் போட்டோப்பிரதி இயந்திரம். புதிதாக நியமனம் பெற்று வருபவர் சுற்றுநிருபங்களைப் படிப்பதற்கு முன்னரே இவற்றின் குணங்களைக் கற்றுக்கொள்கின்றார். கற்பிப்பவரும் பெரும்பாலும் மேலதிகாரி அல்லர். அங்கு நீண்டகாலம் பணியாற்றிவரும் சிற்றூழியரே.

இதனை வெறும் வேடிக்கையாகக் கருதிவிட முடியாது. அமெரிக்க மானிடவியலாளரான ஜூலியன் ஓர் என்பவர் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் திருத்துநர்களோடு கூடித்திரிந்து அவர்களது வேலையை ஆராய்ந்தார். அவரது நூல் 1996 இல் வெளிவந்தது. திருத்துநர்களுக்கு நிறுவனம் வழிகாட்டி நூல்களை வழங்கியிருந்தது. ஆனால் ஒவ்வோர் இயந்திரமும் தனக்கேயுரிய விதத்தில் பழுதடைந்தது. நூலில் இல்லாத தீர்வுகளை அவர்கள் உணவு வேளைகளில் ஒருவருக்கொருவர் கூறிய கதைகளிலிருந்தே பெற்றனர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வீண்பேச்சாகத் தோன்றிய அக்கதைகளே தொழிலின் அறிவுக் களஞ்சியமாக இருந்தன. பின்னர் அந்நிறுவனமே, திருத்துநர்கள் கண்டறிந்த நுட்பங்களை அவர்களது பெயருடன் பதிந்து பகிர்வதற்கான ஏற்பாடொன்றைச் செய்தது.

சீராக இயங்கும் இயந்திரத்தைப் பற்றி எவரும் எவரிடமும் கேட்பதில்லை. பழுதடைந்ததே கேட்க வைக்கின்றது. கேட்கும்போது பதவிநிலைகள் சற்று நேரம் ஒதுங்கிக்கொள்கின்றன.

பொருள் தட்டுப்பாடு நிலவும் இடத்தில் இவ்வறிவு இன்றியமையாததாகின்றது. வடபகுதி வாசகர்களுக்கு நாம் இதனை விளக்க வேண்டியதில்லை. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருளுக்கும் தடை விதிக்கப்பட்டது. சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும், சைக்கிள் டைனமோவினால் ஒலித்த வானொலிகளும் அக்காலத்தின் கண்டுபிடிப்புகள். அவற்றை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. ஒரு கராச்சிலிருந்து மற்றொன்றுக்கு வாய்மொழியாகவே பரவின. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நீடித்தபோது, அவ்வாறான பழக்கம் முழு நாட்டுக்கும் தேவைப்பட்டது.

எனினும், இந்த ஒற்றுமையை நிர்வாகங்கள் தமக்குச் சாதகமான சாட்டாக்கிக்கொள்வதை நாம் ஏற்க இயலாது. "சமாளிக்கின்றார்கள்தானே" என்ற ஒரு சொல்லினால் திருத்தவேலைக்கான கோரிக்கை அடுத்த ஆண்டின் கோவைக்குத் தள்ளப்படுகின்றது. சமாளிப்போரின் நேரமும் உழைப்பும் எந்தக் கணக்கிலும் பதியப்படுவதில்லை. நுட்பமறிந்த அந்த ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அலுவலகமே தடுமாறுகின்றது. குறைந்தபட்சம் அவர் அறிந்ததை ஒரு கொப்பியிலாவது எழுதிவைக்கச் செய்யலாம். அதில் அவரது பெயரும் இருக்கட்டும்.

இலாச்சியோடும் மின்விசிறியோடும் ஊழியர்கள் சிரித்துக்கொண்டே வாழலாம். தோல் உரிந்த மின்கம்பியோடும், தடுப்புச் சரியில்லாத நோயாளர்காவு வண்டியோடும் வாழுமாறு எந்த ஊழியரையும் கேட்க எவருக்கும் உரிமையில்லை.