இரண்டாவது ஆமை வரும்போது

ஓட்டுக்குள் ஓர் உலகம் – 9

வேலி, நிழல், தண்ணீர்த் தட்டு, இலைச் சருகு என்று தோட்டத்தைத் தயார் செய்வது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். தோட்டம் தயாரானதும் அடுத்து எழும் கேள்வி இதுதான்: “எங்கள் ஆமை தனியாகவே கிடக்கிறதே, துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?”

துணைக்கு என்றால் வேண்டாம். அமெரிக்கப் பெட்டி ஆமை தனித்து வாழப் பழகிய பிராணி. காட்டில் ஒன்று நடமாடும் இடத்துக்குள் இன்னொன்று தாராளமாக வந்து போகும். எல்லைக்காகச் சண்டை போடுவதும் இல்லை, கூடி வாழ்வதும் இல்லை. மழை ஓய்ந்த காலையில் காளான் முளைத்த இடத்தில் இரண்டு ஆமைகள் மேய்வதைப் பார்க்கலாம். வயிறு நிறைந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். அது தனிமையில் வாடுகிறது என்று நினைப்பது நம் மனசு.

ஆகவே, குஞ்சு பொரிக்கவைக்கும் எண்ணமும், அதற்கான இடமும், பல ஆண்டுப் பொறுமையும் உள்ளவர்கள் மட்டும் இரண்டாவது ஆமையைப் பற்றி யோசிக்கலாம். இந்த வாரக் கட்டுரை அவர்களுக்காக.

காட்டிலிருந்து எடுக்காதீர்கள்

வட கரோலினா மாநிலம் 1979-இலேயே அமெரிக்கப் பெட்டி ஆமையின் ஒரு வகையான கிழக்குப் பெட்டி ஆமையைத் தன் மாநில ஊர்வனவாக அறிவித்தது. இருந்தும் அங்கெல்லாம் சாலையைக் கடக்கும் ஆமையை வழியில் பார்த்து வீட்டுக்குத் தூக்கி வருவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது பெரிய கேடு.

மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் வனவிலங்கு ஆய்வு மையத்தில் லூசில் ஸ்டிக்கல் என்ற விஞ்ஞானி 1940-களில் பெட்டி ஆமைகளைப் பின்தொடரத் தொடங்கினார். ஓட்டின் ஓரத்தில் சிறு வெட்டுக்குறி இட்டு ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்தார். அந்த ஆமைகள் சுமார் 100 மீட்டர் குறுக்களவுள்ள இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் சுற்றி வந்தன. அதே இடத்தில் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் கணக்கெடுத்தபோது, பாதுகாக்கப்பட்ட காடாக இருந்தும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது.

குறைந்த எண்ணிக்கை எளிதில் மீளாததற்கான காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. பெண் ஆமை பருவத்துக்கு வரவே ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒரு முறைக்கு மூன்று முதல் ஆறு முட்டை. அதில் பெரும்பகுதியை ரக்கூனும் நரியும் தோண்டித் தின்றுவிடும். பல பத்தாண்டுகள் விடாமல் முட்டையிட்டால்தான், தன் இடத்தை நிரப்ப ஒன்றிரண்டு குஞ்சுகளாவது ஆளாகும். வளர்ந்த ஒரு பெண் ஆமையைத் தூக்கி வந்தால் அத்தனை ஆண்டு முட்டைகளும் காட்டுக்கு நஷ்டம்.

ஐரோப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியான பிறகுதான், 1995-இல் இந்த இனம் முழுவதும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் காட்டிலிருந்து பிடிப்பதற்கே தடை உண்டு. எனவே, வீட்டில் பொரித்த ஆமைதான் என்று தாய் தந்தை விவரத்தோடு சொல்லக்கூடியவரிடம் மட்டும் வாங்குங்கள். உங்களிடம் இருப்பது கிழக்குப் பெட்டி ஆமை என்றால் அதே வகையைத் தேடுங்கள். மூவிரல் பெட்டி ஆமையோடு சேர்ந்தாலும் குஞ்சு பிறக்கும். ஆனால் அந்தக் கலப்புக் குஞ்சுக்கு எந்த ஊர்க் காடும் சொந்தமில்லை. ஆசியப் பெட்டி ஆமைகளோடு ஒரே தோட்டத்தில் விடவே கூடாது. அவை வேறு இனம். ஒன்று தாங்கிக்கொள்ளும் கிருமி மற்றதைக் கொல்லலாம்.

முதலில் தனி அறை

வந்த அன்றே இரண்டையும் சேர்த்துவிடுவதுதான் அதிக ஆமைகளைக் காவு வாங்கும் அவசரம். புதிய ஆமை குறைந்தது மூன்று மாதம் தனியாக இருக்க வேண்டும். அனுபவசாலிகள் ஓர் ஆண்டு வரைகூடக் காத்திருக்கிறார்கள். வேறு தட்டு, வேறு மண், வேறு துடைப்பம். பழைய ஆமைக்குத் தீனி வைத்து முடித்த பிறகே புதியதைத் தொட வேண்டும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இந்த நாட்களில் அதைக் கூர்ந்து பாருங்கள். மூக்கில் குமிழி, வீங்கி மூடிய கண், காதுப் பக்கம் உருண்டையாக வீக்கம், வாய்க்குள் வெள்ளைப் படலம் – இவற்றில் எது தெரிந்தாலும் ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். காது வீக்கமும் கண் வீக்கமும் பெரும்பாலும் வைட்டமின் ‘ஏ’ குறைவோடு சேர்ந்து வருபவை. வாய்ப் படலம் ரானா வைரஸின் அறிகுறியாக இருக்கலாம். அது ஒரு தோட்டத்து ஆமைகளையே துடைத்துவிடக்கூடிய நோய். குடற்புழு உண்டா என்று மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமப்பவை என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தைகள் நோயில் விழுந்ததால்தான் 1975-இல் அமெரிக்க அரசு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதற்குத் தடை போட்டது.

ஆணா பெண்ணா என்பதையும் இதற்குள் உறுதி செய்துகொள்ளலாம். ஆணின் அடி ஓடு பின்பக்கம் குழிந்திருக்கும். வால் தடித்து நீண்டிருக்கும். பின்கால் நகங்கள் வளைந்திருக்கும். கண் பெரும்பாலும் சிவப்பு. பெண்ணின் அடி ஓடு தட்டை, கண் பழுப்பு. கண் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அறிமுக நாள்

இரண்டுக்கும் புதிதான ஓர் இடம், அல்லது கட்டைகளையும் கற்களையும் இடம் மாற்றி வைத்த தோட்டம் – அங்கேதான் முதல் சந்திப்பு நடக்க வேண்டும். தண்ணீர் தெளித்த காலை நேரம் நல்லது. தீனித் தட்டு இரண்டு இருக்கட்டும். ஒன்றின் கண்ணில் படாமல் மற்றது ஒதுங்கப் புதர்களும் சருகுக் குவியல்களும் வேண்டும்.

ஆண் பெண்ணைச் சுற்றி வரும், ஓட்டின் ஓரத்தைக் கடிக்கும், முட்டும். சற்று நேரம் இது இயல்பு. பெண் ஆமை அடி ஓட்டின் கீலை மடக்கி இறுக மூடிக்கொள்வதும் இயல்பு. ஆனால் நாள் முழுவதும் அது திறக்கவே இல்லை, தீனிக்கும் வரவில்லை என்றால் ஆணை உடனே பிரித்துவிட வேண்டும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருந்தால் தொல்லை பகிர்ந்துபோகும். ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்களை விடுவது அவளுக்குச் செய்யும் கொடுமை. என்னைக் கேட்டால் ஆணைத் தனித் தோட்டத்தில் வைத்து, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டும் சில நாள் சேர்த்துவிடுவதே சிறந்தது.

இணை சேரும்போது ஆண் தன் பின்கால்களைப் பெண்ணின் ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து கிடக்கும். முடிந்ததும் மல்லாக்க விழுவது உண்டு. சமதரையில் புரள முடியாமல் வெயிலில் கிடந்தால் செத்தே போகும். அன்று யாராவது ஒருவர் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

ஒரு முறை சேர்ந்தால் போதும். பெண் ஆமை விந்தை உடலுக்குள் சேமித்து வைத்து நான்கு ஆண்டுகள் வரைகூடக் கருவுற்ற முட்டை இடும் என்பது 1940-களிலேயே பதிவாகியிருக்கிறது. தனியாக வளரும் ஆமை திடீரென்று முட்டையிட்டால் அதிசயப்படத் தேவையில்லை.

ஜூன் மாத அந்தி

முட்டையிடப் போகும் ஆமை ஒரு வாரமாகவே வேலியோரம் நடையாய் நடக்கும். மண்ணை முகர்ந்து பார்க்கும். வட கரோலினாவில் ஒரு தோட்டத்தில் நான் இதை அருகிருந்து பார்த்தேன். வெயில் சாயும் நேரத்தில், மரநிழல் படாத ஒரு மேட்டில் அது முன்கால்களை ஊன்றி அசையாமல் நின்றது. வேலையெல்லாம் பின்கால்களுக்குத்தான். இடது கால் ஒரு பிடி மண்ணை அள்ளி ஓரமாக வைக்கும், பிறகு வலது கால். கெட்டிப்பட்ட இடத்தில் உடலிலிருந்து நீரை விட்டு மண்ணை இளக்கியது. கால் எட்டும் ஆழம் வரை குழி இறங்கியதும் முட்டைகள் வந்தன. ஒவ்வொன்றையும் பின்பாதம் தாங்கிப் பிடித்து அடியில் இறக்கி ஒதுக்கிவைத்தது. பிறகு மண்ணைத் தள்ளி, மிதித்து, அடி ஓட்டால் அழுத்தி, புல்லையும் மேலே இழுத்துவிட்டது. இருட்டிய பிறகுதான் முடிந்தது. இத்தனையிலும் அது ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நேரத்தில் டார்ச் அடிப்பதும் அருகே நடமாடுவதும் கூடாது. கலைந்தால் பாதியில் விட்டுப் போய்விடும்.

அது போனதும் முட்டைகளை எடுக்கலாம். எடுக்கும் முன்பே மேல்பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, அந்தப் பக்கம் மேலாகவே இருக்கும்படி ஈர வெர்மிகுலைட் (கனிமத் துகள்) நிரப்பிய டப்பாவில் வையுங்கள். முட்டையைப் புரட்டக் கூடாது. உள்ளே கரு அழுந்திச் செத்துவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலும் ஆண், 28 டிகிரிக்கு மேலே பெரும்பாலும் பெண். இரண்டு, மூன்று மாதங்களில் குஞ்சு மூக்கு நுனியிலுள்ள முட்டைப் பல்லால் ஓட்டைக் கிழிக்கும். அதன் பிறகும் மஞ்சள்கருப் பை வற்றும் வரை முட்டைக்குள்ளேயே கிடக்கும். அவசரப்பட்டு வெளியே இழுக்காதீர்கள்.

குஞ்சு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்த வயதில் கீல் வேலை செய்யாது, ஓட்டை மூடிக்கொள்ளத் தெரியாது. ஈரச் சருகுக்கடியில் ஒளிந்து மண்புழு, நத்தை, சிறு பூச்சிகளைத் தின்று வளரும். காய்ந்த தொட்டியில் வைத்தால் சில நாட்களில் வற்றிப்போகும்.

யாருக்கு இந்தக் குஞ்சு?

வளர்த்த குஞ்சைக் காட்டில் விடலாமே என்று தோன்றும். கூடாது. தோட்டத்துக் கிருமி காட்டுக்குப் போகும். அரசின் வனவிலங்குத் துறை நடத்தும் திட்டத்துக்கு வெளியே தனியார் அதைச் செய்யக் கூடாது. இந்தியாவில் வளர்ப்பவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்ஸ் பட்டியலில் உள்ள இந்த வெளிநாட்டு ஆமையை வைத்திருப்பதையும், அதற்குக் குஞ்சு பிறந்ததையும் பதிவு செய்தாக வேண்டும். நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதோ அப்பட்டமான குற்றம்.

நன்றாகப் பராமரித்தால் ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர் இது. காட்டிலிருந்து ஓர் ஆமை எடுக்கப்படுவதை நீங்கள் வளர்க்கும் குஞ்சு தடுக்கிறது என்றால்தான் இந்த உழைப்புக்கு அர்த்தம். வாங்க வருபவரிடம் தோட்டம் இருக்கிறதா, அவருக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஆள் கிடைக்காத ஆண்டில், முட்டையிட்ட அன்றே அவற்றை எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். முதலில் வீடு பாருங்கள். அதன் பிறகு பொரிக்கவையுங்கள்.

அடுத்த வாரம்: குளிர் உறக்கத்துக்கு ஆமையை எப்படித் தயார் செய்வது, எந்த ஆமையை உறங்கவிடக் கூடாது.

(தொடரும்)